இன்னும் இருபத்து நான்கு நாள்

திண்டுக்கல் மடம்
22.4.2025

அன்புத் தங்கை பிரிசில்லாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டுக்குள் வந்து தங்கட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தனி ஆளுக்கு எதற்கு உலை வைப்பது என்று டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருக்காதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி மட்டும் பழையபடி இருக்கிறது.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, தவக்காலம் முழுதும், இங்கே கடிதமும் கிடையாது, பார்க்க வருபவர்களும் கிடையாது. நான் இந்த மடத்துக்கு வந்த இருபது வருஷமாக உனக்குத் தெரிந்த விதிதான். அதனால் அப்பா போய் இருபத்தைந்து நாள் கழித்து இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பங்குச் சாமியார் மதருக்குப் போன் செய்தார். பதினொன்றுக்கு அடக்கம் என்றாராம். ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு வர முடியுமா? பதினொரு மணிக்கு நான் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டிருந்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே அப்பா போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. உனக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும்.

கோயிலின் ஐம்பதாம் ஆண்டு மலரில் அப்பாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், அதை நான் எழுதித் தர வேண்டும் என்றும் ஃபாதர் கேட்டிருக்கிறார். மதரும் சரி என்றுவிட்டார். ஜனவரியில் நீ எழுதியபோது அப்பாவுக்குப் பசி குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், என்னைக் கேட்டாரா, எல்லாவற்றையும் எழுது.

செபத்தில் உன்னை மறக்காத
அக்கா தெரசா


செம்மேடு
19.5.2025

அன்புள்ள அக்காவுக்கு பிரிசில்லா எழுதுவது,

இங்கே நானும் நான்கு கோழிகளும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல தைலம் வந்திருக்கிறது. தபாலில் அனுப்பினால் வாங்க விடுவார்களா என்று எழுதுங்கள். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தடுப்பூசி முகாம் என்று என்னை இருபது நாள் காட்டிலும் மேட்டிலும் அலைய விட்டுவிட்டார்கள்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைக் கோயில் தாங்கவில்லை. திருப்புலி நாடு, ஆலத்தூர் நாடு என்று மலை முழுவதிலுமிருந்து, அப்பா கரண்டுக் கம்பம் ஏறிய ஊர்க்காரர்கள் எல்லாம் வந்தார்கள். பாதிப் பேருக்குப் பூசையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த சென்றாயன் அண்ணன் எழுந்தால் அத்தனை பேரும் எழுந்தார்கள். அவருக்கும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஏணி பிடித்துப் பிடித்தே கிழவரானவர், அவரை நினைவிருக்கிறதா?

ஃபாதர் "நம் சகோதரர் சூசை" என்று ஆரம்பித்ததும் அத்தாயி அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகக் கேட்டுவிட்டாள். "ஏனுங்க, நம்ம வயர்மேன் செங்கோட்டையன அடக்கம் பண்றாங்கன்னுதான வந்தோம். இது யாருங்க சூசை?" அம்மாவைக் கட்டுவதற்காக வாங்கிய ஞானஸ்நானப் பெயர் அப்பாவுக்கு ஒட்டவே இல்லை. வேதம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஈரலில் கட்டி என்று ஜனவரி கடைசியில் நாமக்கல்லில் சொன்னார்கள். உங்களுக்கு எழுத வேண்டாம் என்றார் அப்பா. பிறகு தவக்காலம் வந்துவிட்டது. சாமைக் கஞ்சி இரண்டு கரண்டி குடிப்பார். வலி மாத்திரை நான்தான் கொடுப்பேன். செபமாலை ஒருநாளும் தவறவில்லை, விரல் ஓடாதபோது மணிகளை நான் நகர்த்துவேன். எலும்பும் தோலுமாக ஓணாண்டியாகப் போய்விட்டார் அக்கா. நானே தூக்கித் திருப்பிப் படுக்க வைப்பேன்.

வேறென்ன எழுதுவது. பலா காய்த்துக் குலுங்குகிறது. தின்ன ஆளில்லை.

உங்கள் தங்கை
பிரிசில்லா


திண்டுக்கல் மடம்
5.6.2025

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உன் கால்களுக்குப் பலம் தரட்டும், அந்த மேட்டில் அவை இல்லாமல் ஆகாது. தைலம் வேண்டாம். இங்கே ஒரு வயதான சிஸ்டர் எனக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார், அதுவே சுகமாக இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அத்தாயி அக்காவின் கேள்வியை எங்கள் பொழுதுபோக்கு நேரத்தில் வாசித்துக் காட்டினேன், மதரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பக்கத்துக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா போனபோது எனக்குப் பதினைந்து, உனக்குப் பத்து. மறு கல்யாணத்துக்குக் காளப்பநாயக்கன்பட்டிச் சொந்தமெல்லாம் மலையேறி வந்து கெஞ்சியும் அப்பா அசையவில்லை. காலையில் நமக்குச் சோறு வடித்து, தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கம்பியை முறுக்குவதுபோல முறுக்கிப் பின்னுவார், சாயங்காலம் வரை தலை வலிக்கும். ஒருநாள்கூட நாம் அதைச் சொன்னதில்லை, இல்லையா?

நான் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். அப்பா என்னைக் கேட்டாரா?

அன்புடன்
அக்கா தெரசா


செம்மேடு
21.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் தவிட்டு ஒத்தடமும் தொடரட்டும். இங்கே விடாத மழை. மிளகுக் கொடிகள் பூத்திருக்கின்றன. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, அப்பா இருந்தால் இந்நேரம் ரெயின்கோட்டை மாட்டியிருப்பார். ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் மழை என்றால் அவருக்குக் கால் நிற்காது.

உங்கள் பக்கத்துக்கு உதவும் என்று ஒன்று எழுதுகிறேன். போன ஞாயிறு நான் பூசை முடிந்து திரும்பியதும் சென்றாயன் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் துணியில் சுற்றிய ஒரு பழைய ஃபியூஸ் கட்டையை என் கையில் கொடுத்தார். அப்பாவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கம்பத்தில் ஏறுமுன் டிரான்ஸ்பார்மரிலிருந்து கட்டையைப் பிடுங்கித் தன் கால்சட்டைப் பையில், செபமாலையோடு போட்டுக்கொள்வார். அது தன் பையில் இருந்தால் எவனும் தெரியாமல் கரண்டைப் போட்டுத் தன்னைக் கொன்றுவிட முடியாது என்பார்.

நீங்கள் மடத்தில் சேர்ந்த அன்று விடிந்ததும் திருப்புலி நாட்டில் ஒரு ஊரில் மரம் விழுந்து லைன் அறுந்திருந்ததாம். அப்பா போய்க் கட்டிவிட்டு, உங்களை அழைத்துப்போக பஸ்ஸுக்கு ஓடி வந்திருக்கிறார். கட்டை பையிலேயே இருந்துவிட்டது. மடத்தில் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோதுதான் கண்டுபிடித்தாராம். அந்த ஊர் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. மீதியைச் சென்றாயன் அண்ணன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஊட்டுக்குக்கூடப் போகலீங்க. பஸ்ஸ உட்டு எறங்கி நேரா எங்கூருக்கு நடந்து வந்தாரு. கட்டையப் போட்டுப்போட்டு ஒரு ஊடு உடாம ஏறி எறங்கி, தப்பாப் போச்சுதுங்க, மன்னிச்சுக்கோங்கன்னு கும்புட்டாரு. ஏஞ் சாமி, நீங்க இப்பிடி மறக்கற ஆளில்லீங்களேன்னு நாங்கேட்டனுங்க. புள்ளய உட்டுட்டு வந்தேன் சென்றாயா, அப்பிடின்னாரு. டிரான்ஸ்பார்மர் மேடையில உக்காந்து அழுதாருங்க. நான் ஏணியப் புடிச்சுக்கிட்டே நின்னனுங்க."

ஆபீசுக்கு ஒருவர்கூடப் புகார் எழுதவில்லை. புது சுவிட்சுப் பெட்டி வைத்தபோது கழற்றிய கட்டையை இவ்வளவு காலம் அவர் வைத்திருந்திருக்கிறார்.

மழை வலுக்கிறது. தபால்காரர் வரும் சத்தம் கேட்கிறது, முடித்துக்கொள்கிறேன்.

பிரிசில்லா


திண்டுக்கல் மடம்
4.8.2025

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாயிருக்க வேண்டுகிறேன். மழையில் நனைந்த தலையோடு தூங்காதே.

அன்றைக்கு அப்பா மடத்துப் பார்வையாளர் அறையின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே நின்றார். ஒரு கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு ஆசீர்வாதம் கொடுக்கக்கூடக் கையை எடுக்கவில்லையே என்று இருபது வருஷம் மனசில் ஒரு சின்ன வருத்தம் வைத்திருந்தேன். எவ்வளவு மட்டமான மகள் நான்.

பக்கத்தை ஏறக்குறைய எழுதிவிட்டேன். நடுவில் வருவது இதுதான்: "1998 நவம்பர் புயலில் மலை ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன் அறுந்தது. அதே நேரம் அவர் மனைவி நாமக்கல்லில் உயிருக்குப் போராடுவதாகத் தகவல் வந்தது. அவர் கம்பத்தை விட்டு இறங்கவில்லை. லைனைக் கட்டி முடித்தபின்பே மலையிறங்கினார். மனைவி ஒரு மணி நேரம் முன்பு இறந்திருந்தார். சேவைக்கு முன் சொந்த பந்தம் இல்லை என்று வாழ்ந்து காட்டியவர்."

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்த கதை இது. இது இல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத முடியுமா?

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கேட்டாரா, இல்லையா? இல்லை என்றாலும் எழுது. இல்லை என்பதைத் தாங்க முடியும்.

தெரசா


செம்மேடு
26.9.2025

அக்கா,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. ஏழு வாரமாக எழுதி எழுதி அடுப்பில் போட்டேன்.

முதலில் அம்மாவைப் பற்றிய அந்தப் பத்தியை எடுத்துவிடு. மார்ச்சில் ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பா தானாகவே சொன்னார். "அந்த லைன அர்த்தனாரியே கட்டியிருப்பான் கண்ணு. அவனும் வயர்மேன்தான, பக்கத்துலதான் நின்னான். நான் இல்லாட்டி ஆகாதுன்னு நெனச்சுப்போட்டேன். உங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாளாம். ஊரே மெச்சுச்சு. மெச்ச மெச்ச எனக்கு வாயடைச்சுப்போச்சு." இருபத்தாறு வருஷம் அந்தப் பிரசங்கத்தைத் தலை குனிந்து கேட்டாரே, அதைப் பணிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கேட்டார். மூன்று முறை கேட்டார்.

முதல் முறை மார்ச் பத்தாம் தேதி. "தெரசாவ ஒருக்காப் பாக்கோணும் கண்ணு. வரச் சொல்ல முடியுமா?" நான் சொன்னேன், "தவக்காலமுங்கப்பா. விதின்னா விதின்னு நீங்கதான சொல்லுவீங்க." அதற்கு அவர், "ஆமா, அதுஞ் செரிதான்" என்றார். இரண்டாம் முறை கேட்டபோது காது கேட்காததுபோல எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டேன். மூன்றாம் முறை மார்ச் இருபத்தேழு. ஈஸ்டர் என்றைக்கு என்று கேட்டார். ஏப்ரல் இருபது என்றேன். செபமாலை மணியில் எண்ணிப் பார்த்தார். "இன்னும் இருவத்தி நாலு நாள்தான. ஈஸ்டர் முடிஞ்சதும் மொத பஸ்ஸுக்கு நாம போயிரலாம் கண்ணு. மலவாழப்பழம் ஒரு சீப்பு சொல்லி வெய்யி." மறுநாள் விடியுமுன் போய்விட்டார்.

நான் நர்ஸ். இருபத்து நான்கு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். மடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அனுப்பிவிடுவார்களோ என்றுதான் கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவின் செபம் உனக்காகத்தான். எனக்காக ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, நான்தான் எதிரில் உட்கார்ந்திருந்தேனே. பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் அப்பாவை யார் பார்ப்பது என்று நானே திருப்பி அனுப்பினேன். நீ வந்தால் ஒரே நாளில் எல்லாம் உன்னுடையதாகிவிடும் என்று பயந்தேன். கடைசி நாட்களாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையே உனக்குச் சொல்லிவிடலாம் என்ற ஃபாதரையும் நாளைக்குச் சொல்லலாம் என்று நான்தான் தடுத்தேன்.

கடைசி நாட்கள் எனக்குக் கிடைத்தன. என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் கிடைத்தார்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

பிரிசில்லா


செம்மேடு
24.10.2025

அக்காவுக்கு,

நலமா? நான்கு வாரமாகப் பதில் இல்லை. தபால் காணாமல் போயிருக்குமோ என்று போஸ்ட் ஆபீசில் விசாரித்தேன். போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறார்கள்.

ஃபாதர் பக்கத்தைக் கேட்கிறார். "மலைக்கு ஒளி தந்த மாமனிதர்" என்று தலைப்பு வைத்திருக்கிறாராம். அப்பா கேட்டிருந்தால் பீடத்துக்குப் பின்னாலுள்ள சக்ரீஸ்து அறை வழியாக ஓடியே போயிருப்பார்.

திட்டியாவது எழுது.

பிரிசில்லா


திண்டுக்கல் மடம்
6.11.2025

என் கண்ணு பிரிசில்லாவுக்கு,

உன்னை ஒரு மாதம் தவிக்க விட்டுவிட்டேன். என் உடம்பு நலம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருபது வருஷத்துக்குப் பிறகு என்னை மறுபடி நீ என்று எழுதியிருக்கிறாய். இனி அப்படியே எழுது.

அப்பா கேட்டாரா என்று மூன்று முறை உன்னை ஏன் நச்சரித்தேன் தெரியுமா? இல்லை என்று நீ எழுத வேண்டும் என்பதற்காக. அவர் கேட்டது உன்னிடம் மட்டும் இல்லை. நோயாளிக்கான எண்ணெய் பூச வந்த ஃபாதரிடமும் கேட்டிருக்கிறார். ஃபாதர் மதருக்கு எழுதிய கடிதம் மார்ச் பதினெட்டாம் தேதி வந்தது. மதர் என்னை அழைத்தார். "உன் அப்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. விதி கடிதத்துக்கும் பார்வையாளருக்கும்தான், சாகக் கிடக்கும் பெற்றோருக்கு இல்லை. மூன்று நாள் போய் வா" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்தத் தியாகத்தையே அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்றேன். அம்மா சாகக் கிடந்தபோது கம்பத்தை விட்டு இறங்காதவரின் மகள் நான், அப்பா புரிந்துகொள்வார், பெருமைப்படுவார் என்று நினைத்தேன். மதர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் முழந்தாளிட்டு மறுத்தேன். ஃபாதருக்கு அப்படியே பதில் எழுதிப் போடச் சொன்னேன். அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது பிரிசில்லா. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பத்து நாள் அப்பாவுக்கு உயிர் இருந்தது. முதல் நாளே கிளம்பியிருந்தால் ஒரு கரண்டிக் கஞ்சியாவது நானும் ஊட்டியிருப்பேன். நீ எனக்கு எழுதியிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆகவே உன் பாரத்தில் பாதியாவது என்னுடையது. எந்தப் பாதி என்று நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒன்றுதான் என்னை அரிக்கிறது. என் பதிலை ஃபாதர் அப்பாவிடம் சொன்னாரா? மகள் வரமாட்டேன் என்றாள் என்று கேட்டுவிட்டா போனார்? கேட்டு எழுது. பக்கத்தை மாற்றி இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மாவைப் பற்றிய பத்தி இல்லை. ஃபியூஸ் கட்டைக் கதை இருக்கிறது. "அவர் தவறு செய்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவார்" என்று முடித்திருக்கிறேன். வேறு பெருமை ஒன்றும் எழுத வரவில்லை.

தெரசா


செம்மேடு
20.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மண்டியிடுவதைக் கொஞ்ச நாளைக்குக் குறை. நர்ஸாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு நாள் உன்மேல் எனக்கு அடங்காத கோபம். நான் தடுத்த குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்தால், நீ கதவு திறந்தும் வராமல் இருந்திருக்கிறாய் என்று கோழிகளிடம்கூடக் கத்தினேன். மூன்றாம் நாள் எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. அப்புறம் அழுதேன். இப்போது சுற்றி வளைக்காமல் சொல்வதைச் சொல்கிறேன்.

ஃபாதரிடம் கேட்டேன். உங்கள் மதரின் பதில் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி தபாலில் வந்ததாம். கல்லறையில் மண் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது மேஜையில் கிடந்தது என்றார். அப்பாவுக்கு உன் பதில் தெரியாது. ஈஸ்டர் முடிந்து முதல் பஸ்ஸில் உன்னைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் போனார். இது ஆறுதலா, இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே வைத்துக்கொள்.

பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். ஃபாதர் இரண்டு முறை படித்துவிட்டு, தியாகம் ஒன்றையும் காணோமே என்றார். அம்மா கதையை இனிமேல் பிரசங்கத்தில் சொல்ல வேண்டாம் என்றும், அப்பா என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். பிறகு தலைப்பை அவரே அடித்துவிட்டு "வயர்மேன் செங்கோட்டையன்" என்று மட்டும் எழுதினார். அத்தாயி அக்காவுக்கு இனிக் குழப்பம் வராது.

முப்பதாம் தேதி உங்களுக்குத் திருவருகைக் காலம் ஆரம்பிக்கிறது. தவக்காலத்தைப் போலவே கிறிஸ்துமஸ் வரை கடிதம் இல்லை, பார்வையாளர் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் கிளம்பி வருகிறேன். அதற்குள் நீ மதரிடம் போய்க் கேள். அப்பா கேட்டபோது நான் கொடுக்கவில்லை, மதர் கொடுத்தபோது நீ வாங்கவில்லை. நம் வீட்டில் எவருக்கும் சலுகை கேட்டுப் பழக்கமில்லை. இப்போது நான் கேட்கிறேன். அவர் சரி என்றால் தயவு செய்து நீ மறுக்காதே.

மலைவாழைப்பழம் ஒரு சீப்பு சொல்லி வைத்திருக்கிறேன். ஃபியூஸ் கட்டையையும் எடுத்து வருகிறேன். கம்பி இடைவெளியில் அது நுழையும் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் ஒரு மணிக்குள் வந்து வாசல் மணியை அடிப்பேன். அனுமதி இல்லை என்று சொன்னால் பழத்தை வாசலில் வைத்துவிட்டு மலையேறிவிடுவேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன்.

பிரிசில்லா